நின்றுபோன ஹிட்டாச்சியைப் பத்திரமாக நகர்த்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கண்மாய்க்குள் மண் அள்ளிக்கொண்டிருந்த ஹிட்டாச்சி பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, ஓனர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் போடுகிறார், கரையில் இருபது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் யாராவது ஒருவர் "ரெண்டு ஜேசிபிய வெச்சு இழுத்துரலாம்ணே" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு என்னவெல்லாம் நடக்கும் என்று நேரில் பார்த்தவன் என்பதால், இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் மண் அள்ளும் மெஷின், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நம் ஊரில் ஹிட்டாச்சி என்றுதான் பெயர். நான் சொல்வது 20 டன் ரகத்துக்கு, அதாவது ஏரி, கண்மாய், குவாரி, ரோடு வேலைகளில் நாம் அதிகம் பார்க்கும் அளவு. சின்ன மெஷினுக்கும் பெரிய மெஷினுக்கும் எண்கள் மாறும், முறை இதுதான். ஆபரேட்டர் கையேட்டில் இழுத்துச் செல்வதற்கென்று ஒரு பகுதி இருக்கும். அதில் இருப்பதும் நான் சொல்வதும் வேறுபட்டால் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் பிரேக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

லாரி நின்றுபோனால் நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுத்துவிடலாம். செயின் வண்டியில் நியூட்ரல் கிடையாது. இரண்டு பக்கமும், செயினைச் சுற்றும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை ஒட்டி, வண்டியை நகர்த்தும் ஒரு டிராவல் மோட்டார், அதற்குள் ஒரு பார்க்கிங் பிரேக். இந்த பிரேக்கை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திப் பிடித்தபடியே இருக்கும், ஆயில் பிரஷர் வந்து தள்ளினால்தான் விடும். இன்ஜின் ஓடாவிட்டால் பிரஷர் இல்லை, பிரஷர் இல்லாவிட்டால் இரண்டு செயினும் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். அந்த நிலையில் பலமாக இழுத்து ஸ்ப்ராக்கெட்டைக் கட்டாயமாகச் சுற்ற வைத்தால் பிரேக் டிஸ்க் கருகும், மோட்டாரும் கெடும். ஒரு ரிப்பேர் மூன்றாகிவிடும்.

அந்த பிரேக் பிடித்திருப்பதால்தான் வண்டி சரிவில் நின்றாலும் உருளாமல் இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். நகர்த்துவதற்காக எந்த வழியில் அதை விடுவித்தாலும் சரி, அந்த நிமிடத்திலிருந்து 20 டன் இரும்பை நிறுத்த வண்டிக்குள் எதுவுமே இருக்காது, லிவர் வேலை செய்யாது, பெடல் வேலை செய்யாது, திருப்பவும் முடியாது. அதனால் எப்படி இழுப்பது என்று பேசுவதற்கு முன்னால் எப்படி நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். இதற்குப் பதில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

நகர்த்தியே ஆக வேண்டுமா?

முதல் அரை மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். பேட்டரி டெர்மினல், பியூஸ், டீசல் பில்டர், ஏர்லாக், இன்ஜினை நிறுத்தும் சோலனாய்டு, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் வண்டி அதன் காலிலேயே வெளியே வந்துவிடும். இன்ஜின் ஓடி ஒரு பக்க டிராவல் மட்டும் வேலை செய்யவில்லை என்றாலும் பாதிக் கவலை தீர்ந்தது, ஏனென்றால் பூமும் (மெஷினின் பெரிய கை) பக்கெட்டும் உயிரோடு இருக்கின்றன. மேல் பாடியைப் பக்கவாட்டில் திருப்பி, பூமுக்கும், அதன் முனையில் மடங்கும் ஆர்முக்கும் நடுவே 90 முதல் 110 டிகிரி கோணம் வைத்து, பக்கெட்டின் வளைந்த முதுகால் தரையை அமுக்கினால் அந்தப் பக்கச் செயின் மேலே எழும், அடியில் கட்டையோ கல்லோ போட்டுக்கொள்ளலாம். எழுந்து நிற்கும் செயினுக்கு அடியில் ஆள் தலையையோ கையையோ நீட்டக் கூடாது, கட்டையைத் தள்ள ஒரு நீளக் கம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் கழன்றுதான் வண்டி நின்றது என்றால் அங்கேயே மாட்டிவிட முடியும். ஆனால் செயினைத் தளர்த்த கிரீஸ் வால்வைத் திறக்கும்போது ஒரு சுற்றுக்கு மேல் கழற்றாதீர்கள், முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் பிரஷருக்கு அந்த வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும்.

எதுவும் சரிவரவில்லை, மழைத் தண்ணீர் வரும் இடம், விட்டு வைக்கவும் முடியாது என்றால்தான் மேலே போக வேண்டும்.

தொடங்கும் முன் வண்டியை அடக்குங்கள்

செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். செங்கலோ உருண்டைக் கல்லோ வேண்டாம், ரயில் ஸ்லீப்பர் மாதிரி கனமான மரக்கட்டை. மேலே பாருங்கள், கண்மாய்க்குள் குறுக்கே 11 கேவி லைன் போகிற இடங்கள் நிறைய உண்டு, வேலை செய்ய வரும் மற்ற மெஷினின் பூம் அதைத் தொட்டுவிடக் கூடாது.

பூம் மேலே நிற்கிறதா? இன்ஜின் நின்ற கொஞ்ச நேரம்வரை லிவர்களுக்கான ஆயில் பிரஷரைச் சேமித்து வைக்கும் பைலட் அக்குமுலேட்டரில் பிரஷர் மிச்சம் இருக்கும். சாவியை ஆன் செய்து, லாக் லிவரை விடுவித்து, பூம் லிவரை இறக்கும் பக்கம் மெதுவாகத் தள்ளினால் பெரும்பாலும் இறங்கிவிடும். நேரம் ஆக ஆக அந்த பிரஷர் போய்விடும், அதனால் வண்டி நின்றதும் ஆபரேட்டர் செய்ய வேண்டிய முதல் வேலையே இதுதான். இறங்கவில்லை என்றால் கையேட்டில் சொன்ன வால்வை அது தெரிந்த மெக்கானிக் மட்டும் தொடட்டும்.

ஆயில் போகும் ஹோஸ் குழாயைத் தளர்த்தி ஆயிலை விட்டு பூமை இறக்கலாம் என்று யாராவது ஸ்பேனரோடு வந்தால் அவரை அங்கேயே நிறுத்துங்கள். கார் டயரில் இருக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், இந்த மெஷினின் மெயின் பிரஷர் 350 கிலோ. பூம் எடையில் நிற்கும் ஹோஸைத் தளர்த்தினால் பூம் சட்டென்று விழும், கூடவே ஊசி முனை அளவு ஓட்டையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. துடைத்துவிட்டு வேலை பார்த்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைமை வரும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால்கூட அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷரில் ஆயில் ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்று தேட அட்டையைப் பயன்படுத்துங்கள், கையால் தடவாதீர்கள்.

எவ்வளவு இழுவை வேண்டும்?

இங்கேதான் இரண்டு ஜேசிபி கணக்கு உடைகிறது. ஒரு ஜேசிபி சுமார் 7½ டன், இரண்டும் சேர்ந்து 15. பூட்டிய செயினோடு நிற்கும் 20 டன் மெஷின் தரையை எவ்வளவு பிடிக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான் அதே மண்ணில் நிற்கும் இன்னொரு 20 டன் மெஷினும் பிடிக்கும். அதாவது சம எடையில் இழுபறிதான் நடக்கும். உதாரணத்துக்கு கொமாட்சு பிசி200 மாதிரி மெஷினின் அதிகபட்ச இழுவிசை சுமார் 18 டன், அதுவும் நல்ல தரையில். ஈரக் கரம்பை மண்ணில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

புதைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு, எனக்குத் தெரிந்து இதைவிட எளிய கணக்கு இல்லை: சக்கரம் வரை புதைந்தால் வண்டியின் எடை அளவு இழுவை வேண்டும், மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு, கேபின் வரை போனால் மூன்று மடங்கு. நம் மெஷினில் செயினுக்குள் உருளும் ரோலர்கள் மறைந்தால் 20 டன், செயினின் மேல்பக்கம் மறைந்தால் 40 டன், கேபின் தரை வரை சகதி ஏறினால் 60 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டன் இழுக்கும் ரோப்பும் இல்லை, அதைத் தாங்கும்படி கட்ட வண்டியில் இடமும் இல்லை.

அதனால் தோண்டுங்கள். உதவிக்கு வந்த மெஷினை முதலில் இழுக்க விடாமல் தோண்ட விடுங்கள். வண்டி போக வேண்டிய திசையில் செயின் அடிமட்டம் வரை மண்ணை எடுத்து, ஒரு சாய்வுப் பாதை வெட்டி, தண்ணீர் ஊறினால் ஓரமாக ஒரு குழி போட்டு மோட்டாரில் இறைத்து, அடியில் பனங்கட்டையோ இரும்புத் தகடோ போட வேண்டும். களிமண் அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடித்திருக்கும், அதை விடுவிக்கப் பக்கவாட்டில் தோண்டிக் காற்றும் தண்ணீரும் உள்ளே போக வழி செய்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று மணி நேரம் தோண்டி பத்து நிமிடத்தில் இழுத்த வேலைகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. தோண்டாமல் இழுத்து ஜெயித்தது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

வந்த வழியே பின்பக்கமாக இழுப்பது பெரும்பாலும் நல்லது. அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், பக்கெட் தரையில் கிடந்தாலும் மண்ணை உழாமல் பின்னால் இழுபட்டு வரும். பக்கெட்டுக்கு அடியில் ஒரு தகடு கொடுத்து அதோடு சேர்த்துக் கட்டிவிட்டால் சறுக்கிக்கொண்டே வரும். மதகு, கலுங்குப் பக்கமாகக் கரையை ஏற்றிக் கொண்டுபோக நினைக்க வேண்டாம், அங்கே கரை உடைந்தால் ஊருக்கே பிரச்சினை.

செயினை விடுவிப்பது

பத்து இருபது அடி நகர்த்தினால் போதும் என்றால், ஈரமான தரையில் தகடு போட்டு, பூட்டிய செயினோடு அப்படியே சறுக்க வைத்து இழுப்பதுதான் பாதுகாப்பு. நிறுத்தினால் அங்கேயே நிற்கும். அதற்கு மேல் தூரம் போக வேண்டும் என்றால் ஸ்ப்ராக்கெட்டோடு இருக்கும் கியர் பெட்டியான பைனல் டிரைவிலிருந்து, மோட்டாரையும் பிரேக்கையும் செயினோடு இணைக்கும் சன் கியரை எடுக்க வேண்டும். பிரேக் ரிலீஸ் போர்ட்டில் கைப்பம்பு மாட்டி பிரேக்கை மட்டும் விடுவிக்கிறவர்களும் உண்டு, ஆனால் மோட்டாருக்குள் அடைபட்ட ஆயிலுக்கும் தனியாக வழி செய்ய வேண்டும். மாடலைக் கரைத்துக் குடித்தவர்களுக்கான வேலை அது. வெட்டவெளியில் சன் கியர் வழியே நம்பகம்.

சரி, அதை எப்படிச் செய்வது? முதலில் இழுக்கப் போகும் மெஷினையும், பிடித்து நிறுத்தப் போகும் மெஷினையும் ரோப்போடு கட்டி, தொய்வு இல்லாமல் நிறுத்திவிடுங்கள். இரண்டு செயினுக்கும் கட்டை இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். அப்புறம் ஸ்ப்ராக்கெட் கவரைச் சுற்றி ஒட்டியிருக்கும் சகதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கவர் திறந்த பிறகு ஒரு கை மண் உள்ளே போனாலும் பேரிங் போய்விடும். நல்ல நிலையில் டிரெயின் பிளக் கீழே வரும்படி ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி நிறுத்துவார்கள், நின்றுபோன வண்டியில் அது எங்கே நிற்கிறதோ அங்கேதான். அதனால் கவரைத் திறக்கும்போது கியர் ஆயில் கொட்டும், அடியில் தார்ப்பாய் விரித்து, வெட்டிய டிரம்மை வையுங்கள். ஆடு மாடு தண்ணீர் குடிக்கும் கண்மாய் அது.

கவர் போல்ட்டுகளைக் கழற்றினாலும் கேஸ்கெட் பசையில் கவர் ஒட்டியே இருக்கும். உளியை வைத்து அடிக்காமல், கவரிலேயே மரை போட்ட துளை இருந்தால் அதில் போல்ட்டை முறுக்கித் தள்ளுங்கள். திறந்ததும் நடுவில் தெரியும் மெல்லிய பல் தண்டுதான் முதல் நிலை சன் கியர். ஆயில் வழுக்கும், விரலால் பிடித்து இழுத்தாலே வர வேண்டும். வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள், அதன் மேல் வண்டியின் பாரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உதவி மெஷினால் வண்டியை ஒரு விரல் அளவு முன்னேயோ பின்னேயோ அசைத்துக் கொடுத்து, எல்லாம் நின்ற பிறகு மறுபடி இழுத்துப் பாருங்கள். சொடக்குப் போட்ட மாதிரி கையோடு வந்துவிடும். கவரைத் திரும்ப மூடி, கொஞ்சம் ஆயில் ஊற்றி, அப்புறம்தான் அடுத்த பக்கம். இரண்டாவது கியர் வெளியே வரும் நொடியில்தான் வண்டி முழுசாக அவிழ்கிறது, அப்போது செயினுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. சில மாடல்களில் உள்ளமைப்பு வேறு மாதிரி, அதனால் படத்தைப் பார்க்காமல் திறக்காதீர்கள்.

ரோப், ஷேக்கிள், கட்டும் இடம்

இழுக்கும் மெஷினின் எடையைப் போல ஒன்றரை மடங்கு உடையும் பலம் ரோப்புக்கு வேண்டும். 20 டன் மெஷின் இழுத்தால் 30 டன். புதிய 26 மில்லிமீட்டர் ஸ்டீல் ரோப் சுமார் 40 டன்னில்தான் அறும், அது போதும். நடுவில் முடிச்சுப் போட்டால் அந்தப் பலம் பெருமளவு போய்விடும், கிளிப் போட்டுக் கண் செய்தால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கம்பி பிரிந்து முள்ளாக நிற்கும் ரோப்பையும், மடங்கி நெளிந்த ரோப்பையும் ஓரம் போடுங்கள். இரும்புச் சங்கிலி வேண்டவே வேண்டாம், ஒரு கண்ணி சொல்லாமல் கொள்ளாமல் உடையும். கொக்கி மாட்டாதீர்கள், வில் ஷேக்கிள் (பின் சொருகிப் பூட்டும் வளைந்த இரும்பு வளையம்) போடுங்கள். ஒன்றரை இன்ச் ஷேக்கிளின் வேலைச் சுமை 17 டன், அதன் பின்னுக்குப் பதில் கடையில் வாங்கிய போல்ட்டைச் சொருகக் கூடாது.

அடிச்சட்டத்தில் இருக்கும் சின்னத் துளை லேசான சுமைக்கு மட்டும். ரோப்பைச் செயின் பிரேமைச் சுற்றிக் கட்டி, இரும்பு மூலை ரோப்பில் படும் இடமெல்லாம் மரத்துண்டு கொடுங்கள். பூம், பக்கெட், கேபின் கைப்பிடி, கவுண்டர்வெயிட், இவை எதிலும் கட்டக் கூடாது. இரண்டு பக்கமும் சம நீளத்தில் கட்டி ஒரே இடத்தில் சேருங்கள், இழுப்பு நேர்கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது.

பல வருஷம் முன்னால் ஒரு தூர்வாரும் வேலையில், பழைய கிரேன் ரோப்பை வைத்து இழுத்தோம். இழுக்க ஆரம்பித்ததும் டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது, இன்ஜின் இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. ரோப்பின் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும் சத்தம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. அறுந்த முனை எங்களைத் தாண்டிப் போய் ஒரு நாட்டுக்கருவை மரத்தில் அடித்தது, மார்பு உயரத்தில் ஒரு முழம் நீளத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஹெல்பர் தம்பி இரண்டு நிமிடம் முன்னால்வரை அந்த மரத்தில்தான் சாய்ந்து நின்றிருந்தான், தண்ணீர் குடிக்கப் போனதால் பிழைத்தான். அவன் திரும்பி வந்து அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தபடியே நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அதனால் ரோப்பின் முழு நீளம் எவ்வளவோ, அதற்கு மேல் இன்னொரு பாதி தள்ளித்தான் எல்லோரும் நிற்க வேண்டும், எந்தத் திசையிலும். கப்பி போட்டு ரோப்பைத் திருப்பினால் அந்த மடிப்பின் உள்பக்கம் யாரும் போகக் கூடாது. ஈர மண் நிரப்பிய சாக்கை ரோப்பின் நடுவில் போடுவது நல்லதுதான், அதை நம்பிப் பக்கத்தில் போய் நிற்பது கூடாது. இழுக்கும் மெஷினின் ஆபரேட்டருக்கும் ரோப்புக்கும் நடுவே கிரில்லோ கனத்த தகடோ இருக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்ப ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள்.

இழுக்கும் நேரம்

சைகை காட்ட ஒரே ஆள். நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். நின்றுபோன மெஷினுக்குள் யாரும் உட்காரக் கூடாது, உள்ளே இருந்து அவரால் செய்ய ஒன்றும் இல்லை. ரோப்பை மெதுவாக இறுக்கி, நிறுத்தி, கட்டிய இடங்களைத் தூரத்திலிருந்து பார்த்து, அப்புறம் சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுப்பதுதான் ரோப்பை அறுக்கும். வேகம் மணிக்கு 2 கிலோமீட்டருக்குள், ஒரு ஆள் ஆற அமர நடப்பதைவிடவும் மெதுவாக.

சன் கியர் எடுத்திருந்தால் முன்னால் ஒரு மெஷின் இழுக்க, பின்னால் இன்னொன்று எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே வர வேண்டும். இறக்கத்தில் ரோப் தொய்ந்து, வண்டி முன்னால் போகும் மெஷினை இடிக்கும், அங்கே இரும்பு டோ பார் இருந்தால் நல்லது. எங்கே நின்றாலும் முதலில் கட்டை, அப்புறம்தான் பேச்சு.

லோபெட்டில் ஏற்றுவது

லோபெட் என்பது தட்டு தாழ்வாக இருக்கும் டிரெய்லர் லாரி. அதில் ஏற்ற ஹைட்ரா கிரேனைக் கூப்பிட்டுத் தூக்கிவிடலாம் என்பார்கள். 14 டன் ஹைட்ரா அந்த எடையைத் தூக்குவது பூம் குறுகிக் கிட்டத்தில் இருக்கும்போதுதான், இரண்டை வைத்து 20 டன்னைத் தூக்குவது என்பது இரண்டும் கவிழ வழி. அதைவிட எளிய வழி கையிலேயே இருக்கிறது: உதவி மெஷினை வைத்து ஒரு பள்ளம் வெட்டி, லோபெட்டின் தட்டு தரைமட்டத்துக்கு வரும்படி அதற்குள் பின்பக்கமாக இறக்கி நிறுத்துங்கள். ஏற்றமே இல்லாமல் வின்ச்சால் உள்ளே இழுத்துவிடலாம். ராம்ப் வைத்தே ஆக வேண்டும் என்றால் 15 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு நாலு மீட்டர் நீளம் வேண்டும். பின்னால் பிடிக்கும் ரோப் கடைசிவரை அவிழக் கூடாது.

ஏறியதும் பூமைத் தட்டில் கட்டை மேல் சாய்த்து, நாலு மூலையிலும் லாஷிங் போட்டு இறுக்கி, செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை அடியுங்கள். பிரேக் இல்லாத வண்டி என்பதால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். மெஷினின் அகலம் பெரும்பாலும் 2.8 மீட்டருக்குக் குறையாது, ரோட்டில் அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர், ஆகவே அதற்கான அனுமதியும் சிவப்புக் கொடியும் விளக்கும் வேண்டும். உயரத்தை டேப் வைத்து அளந்து டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், வழியில் ரயில்வே பாலம் எது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கழற்றிய சன் கியர் இரண்டையும் ஆயில் துணியில் சுற்றி, இடது வலது என்று எழுதி, கேபின் சீட்டுக்கு அடியில் வையுங்கள். அப்புறம் முன் கண்ணாடியிலும் இரண்டு பக்கச் செயின் பிரேமிலும் பெயின்ட்டால் பெரிதாக எழுதுங்கள்: "சன் கியர் இல்லை, பிரேக் பிடிக்காது." பட்டறையில் இரவு பதினோரு மணிக்கு லாஷிங்கை அவிழ்க்கப் போகிறவர் இங்கே நடந்ததைப் பார்க்கவில்லை.